கிளிமஞ்சாரோ, மச்சாமே வழி: ஆறு நாளா, ஏழு நாளா?

கேள்வி:
நாங்கள் நான்கு நண்பர்கள், வரும் பிப்ரவரியில் கிளிமஞ்சாரோ ஏறுகிறோம். ஆறு நாள் போதும், ஒரு நாள் பூங்காக் கட்டணம் மிச்சம் என்கிறார்கள் மற்ற மூவரும். எனக்கு மனசு ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
ஏழு நாள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாங்கள் ஐந்து பேர் ஆறு நாளில் போனோம். 4,600 மீட்டர் உயர லாவா டவர் பாறை வரை ஏறி, இரவு 3,900 மீட்டர் பக்கம் இருக்கும் பர்ராங்கோ முகாமில் இறங்கித் தூங்கினோம். இந்த ஏறி இறங்கல்தான் உடம்பைப் பழக்குகிறது. அதுவரை எல்லோரும் நன்றாகவே இருந்தோம். ஏழு நாள் போகிறவர்கள் மறுநாள் இரவு தங்கும் கரங்கா முகாமில் நாங்கள் தங்காமல், நேராகக் கடைசி முகாமான பராஃபு. மாலையில் போய்ச் சேர்ந்து, நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்பியாயிற்று. உச்சிக்குச் சற்று முன்னால், எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா பாயிண்ட்டுக்குக் கீழே என் கல்லூரித் தோழனுக்கு வாந்தி, அப்புறம் பேச்சு குழறியது. வழிகாட்டி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவனைக் கீழே கூட்டிப் போனார். இறங்க இறங்கத் தெளிந்துவிட்டான். 5,895 மீட்டரில், உஹுரு என்ற உச்சியின் பலகை முன்னால் எடுத்த படத்தில் நாங்கள் நால்வர்தான் இருக்கிறோம். அதை இன்னும் சட்டம் போட்டு மாட்ட மனம் வரவில்லை.

பதில் 2:
உச்சிக்குப் போகும் இரவில் தண்ணீர்ப்பையின் குழாய் உறைந்துவிடும். பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தலைகீழாக வையுங்கள், மூடிப்பக்கம் உறையாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூவருக்கும் இதை அனுப்பினேன். இருவர் சரி என்றுவிட்டார்கள். மூன்றாமவனிடம் இன்று இரவு நேரில் பேசுகிறேன்.