பள்ளியை விட்ட மகன் சும்மாவே இருக்கிறான்: எத்தனை நாள் பொறுப்பது?

ஈரோடு வாசகி (கேள்வி):
ஆறாம் வகுப்பு முடித்த என் மகனுக்குச் சென்ற மே மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். பள்ளி நாள்களில் வயிற்றுவலி என்று அழுதவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலியின்றி எழுந்ததே காரணம். தன் விருப்பப்படி கற்கட்டும் என்றுதான் எண்ணினோம். ஆயினும் பழக்கம் விடாமல், ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு அறிவியல் என அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் அதன்முன் நின்று, "இடைவேளைக்கு யாரம்மா மணி அடிப்பார்கள்?" என்று கேட்டான். அன்றே எடுத்துவிட்டேன். நான்கு மாதங்களாகியும் பழைய சித்திரக்கதைகளைத் தவிர எதையும் தொடவில்லை. மாமியாரின் கேள்விகளுக்கு என்னிடம் விடையில்லை. சட்டச் சிக்கல் வருமா? பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு வழி உண்டா?

திருவண்ணாமலை அப்பா:
சகோதரி, பள்ளியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் என்று வீட்டில் கற்பிப்போர் ஒரு வாய்க்கணக்குச் சொல்வார்கள். அது ஆய்வு முடிவன்று, பொறுமைக்கான சாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகளும் ஐந்து மாதம் எதையும் தொடவில்லை. பிறகு ஒருநாள், எங்கள் தெருமுனையில் நிற்கும் நகரப் பேருந்துகள் வரும் நேரத்தை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதத் தொடங்கினாள். இரண்டு வாரங்களில், எந்த வண்டி வழக்கமாக எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்ல அவளுக்குச் சராசரி தேவைப்பட்டது; பள்ளியில் மூன்று முறை நடத்தியும் ஏறாத அந்தக் கணக்கை அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். நான் செய்தது, பேனா தீர்ந்தபோது வேறொன்று வாங்கித் தந்தது மட்டுமே. ஆனால், அந்த ஐந்து மாதமும் எனக்குத் தூக்கமில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கோவை வழக்கறிஞர்:
2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொன்னாலும், தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை; வீட்டுவழிக் கல்வியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவுமில்லை. சான்றிதழுக்கு, 1989இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்தவர் அதன் பத்தாம் வகுப்பு நிலையில் சேரலாம். ஒரு மொழியாவது அடங்கிய ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடப்பதாலும், பதிவு ஐந்தாண்டு செல்லும் என்பதாலும், பாடங்களைப் பிரித்து எழுதலாம். மாற்றுச் சான்றிதழின் அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை:
அம்மா, முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்பதால் எனக்கு ஓர் ஐயம் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், தானாகக் கற்றல் என்பது பல நேரங்களில் கைப்பேசியோடு தனியே கிடப்பதாக முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன பெண்ணுக்குக்கூட, கேட்ட நேரத்தில் பதில் சொல்லத் தந்தை அருகில் இருந்தார். உங்கள் மகனுக்கு அப்படிப் பகலில் யார் இருக்கிறார்கள், மாலையில் விளையாட எத்தனை பிள்ளைகள் கூடுகிறார்கள் என்பதை எழுதுங்கள். அது தெரிந்தால்தான் மேற்கொண்டு ஏதும் சொல்ல முடியும்.

ஈரோடு வாசகி:
ஐயா, பகலில் மாமியார்தான். சித்திரக்கதைகளை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறான் என்பதை எழுத விட்டுவிட்டேன். மாலையில் விளையாட ஒருவரும் இல்லை.