ஃப்ளோரன்ஸில் அம்மாவோடு நடக்க நிதானமான வழிகாட்டி வேண்டும்

வணக்கம். அக்டோபரில் அம்மாவோடு மூன்று நாள் ஃப்ளோரன்ஸ் போகிறேன். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. பழைய நகரத்தை வழிகாட்டியோடு நடந்து பார்க்க ஆசைப்படுகிறார்.

போன தடவை ரோமில் பட்ட பாடு போதும். முப்பது பேர் கூட்டம்; வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடாத குறை. காதில் மாட்டிய கருவி பாதி நேரம் கரகரத்தது. கொலோசியம் வாசலில் அம்மா சற்று உட்கார்ந்து எழுவதற்குள் வழிகாட்டி பழைய இடிபாடுகள் இருக்கும் ஃபோரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த முறை நாலைந்து பேர் குழுவே போதும். டுவோமோ என்ற பெரிய தேவாலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது, ஏறப்போவதில்லை. தரையிலிருந்து சாரம் கட்டாமலே கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அதை எப்படி எழுப்பினார் என்று கீழே நின்று ஒருவர் பொறுமையாகச் சொன்னால் சரி. அங்கிருந்து சின்யோரியா சதுக்கம், அப்புறம் பொன்டே வெக்கியோ. அந்தப் பாலத்தில் முன்பு கசாப்புக் கடைகள் இருந்தன, நாற்றம் தாங்காமல் 1593-இல் அவர்களைக் கிளப்பிவிட்டுப் பொற்கொல்லர்களை வைத்தார்கள் என்று அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். நகைக்கடை என்றதும் முழங்கால் வலி குறைந்த மாதிரி தெரிகிறது.

உரிமம் பெற்ற தனி வழிகாட்டியை வைப்பது நல்லதா, டிப்ஸ் மட்டும் வாங்கும் இலவச நடையே போதுமா? கல் பாவிய தெருக்களில் இரண்டு மணி நேரம் தாங்குமா? வழியில் உட்காரவும் கழிப்பறைக்கும் எங்கே வசதி? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் சொல்லுங்களேன்.