கேம்பர் வண்டி ஹீட்டர்ல இருக்கற கூலன்ட்டை நாமளே மாத்தலாமா? பின்பக்க பேனல் சூடாகல, உதவுங்க

பெரியாறு_வண்டி:
வணக்கம். நமக்கு ஊர் வண்டிப்பெரியாறு, எஸ்டேட் லயத்துலயே வளர்ந்த ஆளு. 2021ல கேரளா டூரிசம் கேரவான் திட்டம்னு அறிவிச்சதுல இருந்தே மனசுல ஒரு ஆசை, இப்ப நானும் மச்சானும் சேர்ந்து ஒரு செகண்ட்ஹேண்ட் கேம்பர் வாங்கி கெஸ்ட் ஏத்திக்கிட்டு வாகமண், மூணாறு, வட்டவடைன்னு ஓட்டிட்டு இருக்கோம்.

வண்டிக்குள்ள டீசல்ல ஓடுற வாட்டர் ஹீட்டர் இருக்கு. இன்ஜின் ரேடியேட்டரோட சம்பந்தமே இல்ல, தனி லைன், அதுக்குள்ள கூலன்ட்ங்கற திரவம் சூடாகி சுத்தி வரும். 12 வோல்ட் பம்ப், சின்னதா ஒரு பிளாஸ்டிக் டேங்க், சூடு விடறதுக்கு முன்னாடி ஒரு பேனல், பின்னாடி கட்டிலுக்கு கீழ ஒரு பேனல், பேப்பர்ல மொத்தம் 9 லிட்டர்னு போட்டிருக்கு. இப்ப பிரச்சனை என்னன்னா முன்பக்கம் நல்லா சூடாகுது, பின்பக்கம் பச்சத்தண்ணியா கிடக்கு, பம்ப் ஓடும்போது களக் களக்னு சத்தம் வேற. டேங்க் மூடியை திறந்து பார்த்தா உள்ள டீ டிகாஷன் மாதிரி பழுப்பா இருக்கு. கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு வித்தவருக்கே தெரியல.

கம்பத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், பைப்பை கழட்டி குழாத்தண்ணி ரொப்பிருவோம்னு சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல. டிசம்பர் ஜனவரில குழந்தைங்களோட வர்ற குடும்பம் வட்டவடையில ராத்திரி குளிர்ல நடுங்கக் கூடாது, அதான் கவலை. நானே செய்ய முடியுமா, எங்க ஆரம்பிக்கறது?

போடி_டீசல்:
தம்பி, தாராளமா செய்யலாம், ஆனா கழட்டறதுக்கு முன்னாடி நோய் என்னன்னு பாரு. ஹீட்டரை ஓட விட்டு பின் பேனலுக்கு போற ஹோஸையும் அதுல இருந்து திரும்பி வர்ற ஹோஸையும் கையால தொட்டுப் பாரு. போறது சூடு, வர்றது குளுகுளுன்னா உள்ள ஓட்டம் இல்லன்னு அர்த்தம், ஒண்ணு காத்து மாட்டியிருக்கும் இல்ல கசடு அடைச்சிருக்கும். நீ சொல்ற களக் சத்தம் காத்துதான், பழுப்பு கலர் துரு, ரெண்டுமே இருக்குன்னுதான் எனக்குப் படுது. பம்ப் போயிருந்தா முன்பக்கமும் சூடாகாது, அதனால பம்ப்ல கை வைக்காத.

குழாத்தண்ணி வேண்டவே வேண்டாம்.

கம்பத்துக்காரன்:
அண்ணே கோச்சுக்காதீங்க, எங்க அப்பா லாரில காலம் பூரா பச்சத்தண்ணிதான், ஒண்ணும் ஆகல. நம்ம பக்கம் என்ன ஐஸா கொட்டுது, கூலன்ட்டுக்கு எதுக்கு அவ்வளவு காசு?

போடி_டீசல்:
கேள்வி நியாயமானதுதான்பா, நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. அந்தக் கால லாரில ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், கனமான இரும்பு பிளாக், அடிக்கடி தண்ணி மாத்துவாங்க, அதனால ஓடுச்சு. இந்த ஹீட்டர்ல இருக்கறது மெல்லிசு அலுமினியம். கூலன்ட்ல உறையாம பார்த்துக்கற கிளைக்காலோட துருத்தடுப்பு மருந்தும் கலந்திருக்கும், நம்ம ஊருக்கு அந்த மருந்துதான் முக்கியம், ஐஸ் ரெண்டாம்பட்சம். கம்பம் பள்ளத்தாக்கு போர் தண்ணி உப்பு வேற, சூடாக்குனா பாத்திரத்துல வெள்ளையா படியுதுல்ல, அது ஹீட்டர் உள்ள படிஞ்சா அந்த இடம் மட்டும் அளவுக்கு மீறி சூடேறி கடைசில ஓட்டை விழும்.

இன்னொண்ணு, மலை ஏற ஏற தண்ணி கொதிக்கற சூடு குறையும், மூணாறு சுமார் 1500 மீட்டர், அங்க 95 டிகிரியிலயே கொதிச்சிரும். இந்த ஹீட்டருங்க 80 டிகிரி பக்கம் ஓடும், ஓட்டம் கொஞ்சம் தடைபட்டாலும் உள்ளுக்குள்ள ஆவி கட்டும். ஐஸும் இல்லன்னு சொல்ல முடியாது, மூணாறு பக்கத்துல செண்டுவரை, சைலன்ட்வேலி எஸ்டேட் பக்கமெல்லாம் சில ஜனவரில பூஜ்ஜியத்துக்கு கீழ போய் புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அங்க ஹீட்டரை அணைச்சுட்டு வண்டியை விட்டா வெறும் தண்ணி உள்ள பைப் என்ன ஆகும்னு யோசிச்சுக்க.

ஒஸ்லோத்_தமிழன்:
வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இப்ப நோர்வேயில இருக்கிறன். எங்கட கரவன்ல சுவீடன் நாட்டு ஆல்டே ஹீட்டிங் இருக்கு, அதுவும் உங்கட மாதிரி தண்ணி சுத்துற சிஸ்டம்தான். இஞ்ச சாதாரண திரவம் எண்டால் 2 வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுவினம், நீண்டகாலத் திரவம் எண்டால் 5 வருசம். பழுப்பாகிட்டுது எண்டால் வருசம் எண்ணத் தேவையில்லை, மாத்துங்கோ.

இஞ்ச வேர்க்‌ஷொப்பில ஒரு மெசின் வச்சிருக்கினம், அது ஒரு பக்கத்தால புதுசைத் தள்ள மற்றப் பக்கத்தால பழசு வரும், காத்து உள்ளுக்கு போகாது. வீட்டில செய்யேக்க காத்து போகும், அதை வெளியில எடுக்கிறதுதான் உண்மையான வேலை, ஊத்துறது சுலபம். நான் செய்யிற முறை இதுதான்: ஹீட்டர் நல்லா ஆறினாப் பிறகு கீழ இருக்கிற வடிகால் வால்வைத் திறந்து, பேனல்களில இருக்கிற காத்து ஸ்க்ரூ எல்லாத்தையும் தளர்த்தி விடுங்கோ, இல்லாட்டி முழுக்க இறங்காது. ஊத்தேக்க மெதுவா, ஒரே மூச்சில ஊத்தினால் நடுவில காத்து மாட்டும். காத்து ஸ்க்ரூ இருக்கிற முனை உயரமா வாற மாதிரி வாகனத்தைச் சரிவில விடுங்கோ, உங்கட மலை ரோட்டில அதுக்கு பஞ்சமில்லைத்தானே. கை பிறேக் மட்டும் நம்பாமல் சில்லுக்கு வடிவா கட்டை வையுங்கோ. பம்பை ஒரு நிமிசம் ஓட்டி, நிப்பாட்டி, பம்ப் நிக்கிற நேரத்தில ஸ்க்ரூவைத் திறந்து காத்தை விடோணும். பம்ப் ஓடேக்க திறந்தால் சில இடத்தில காத்தை உள்ளுக்கு இழுத்துப் போடும். களக் சத்தம் நிக்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப செய்யுங்கோ, அதுக்குப் பிறகுதான் ஹீட்டரைப் பத்த வைக்கோணும்.

பெரியாறு_வண்டி:
ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். ஹோஸ் தொட்டுப் பார்த்தேன், போடி அண்ணன் சொன்ன மாதிரியே போறது சூடு வர்றது குளிர். தேனில ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போனா பச்சை ரெடி மிக்ஸ் (தண்ணி ஏற்கனவே கலந்தது) ஒண்ணு, சிவப்பு கான்சன்ட்ரேட் (நாமதான் தண்ணி கலக்கணும்) ஒண்ணு எடுத்து வைக்கிறாங்க. பச்சைதான் எல்லாத்துக்கும் பொதுன்னு கடைக்காரர் சொல்றாரு, எதை வாங்க? அப்புறம் பழைய தண்ணியை எங்க கொட்டறது, லயத்துக்கு பின்னாடி ஓடை இருக்கு, அதுல விட எனக்கு இஷ்டமில்ல.

கோவை_கெமிஸ்ட்:
ஓடையில விடாதீங்க, உங்களுக்கே அப்படி தோணுனது சந்தோஷம், அந்த ஓடை கடைசில பெரியாத்துலதான் போய் சேருது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிரும், ஒரு ஸ்பூன் அளவே ஒரு பூனைக்கு போதும், சிறுநீரகம் செயலிழந்து செத்துரும். குழந்தைங்களுக்கும் அதே ஆபத்துதான். அதனால வடிக்கும்போது அகலமான பேசின் வச்சு பிடிங்க, சிந்துனதை உடனே தண்ணி விட்டு துணியால துடைச்சிருங்க, மூடி போட்ட கேன்ல ஊத்தி மேல எழுதி வைங்க. வேஸ்ட் ஆயிலோட கலக்காம தனியா பெரிய சர்வீஸ் சென்டர்ல கொடுங்க, அவங்க கழிவு எடுக்கற ஆளுங்ககிட்ட சேர்த்து அனுப்புவாங்க. குடிக்கற பாட்டில்ல மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊத்தி வைக்கக் கூடாது.

கலரைப் பார்த்து வாங்காதீங்க, கலர்ங்கறது வெறும் சாயம், கம்பெனிக்கு கம்பெனி மாறும். சிலிக்கேட் வகையா ஆர்கானிக் ஆசிட் வகையான்னு லேபிள்ல இருக்கும், அலுமினியத்துக்கு ஏத்ததுன்னு இருக்கணும், ஹீட்டரோட புத்தகம் எதைச் சொல்லுதோ அதுதான் கடைசி வார்த்தை. ரெண்டு வகையையும் கலந்தா ஜெல்லி மாதிரி திரண்டு அடைக்க வாய்ப்பிருக்கு, பழசு என்ன வகைன்னு தெரியாததால உள்ள முழுசா அலசியே ஆகணும்.

அலசறதுக்கு முதல்ல சாதா தண்ணி போதும், தெளிவா வர்ற வரைக்கும். கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்தறது, ஆசிட் கேனை மாத்தி எடுத்துராதீங்க. இங்கதான் கணக்கு இடிக்கும்: 9 லிட்டர் சிஸ்டம்ல வளைவுல எப்படியும் ஒண்ணு ரெண்டு லிட்டர் தங்கிரும். அதுக்கு மேல ரெடி மிக்ஸ் ஊத்துனா நீர்த்துப் போகும். அதனால உங்களுக்கு கான்சன்ட்ரேட்தான் சரி, முதல்ல நாலரை லிட்டர் அதை ஊத்திட்டு மீதி இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் விடுங்க, பாதிக்கு பாதி தானா வந்துரும். பாதிக்கு பாதி மைனஸ் 37 வரைக்கும் தாங்கும், மூணாறுக்கு அவ்வளவு தேவையே இல்ல, 40 சதவீதம் கூட போதும். ஆனா அதுக்கும் ரொம்ப கீழ இறக்குனா துருத்தடுப்பு மருந்தும் சேர்ந்து குறைஞ்சிரும். நிறைய ஊத்துனா நல்லதுன்னும் நினைக்காதீங்க, கிளைக்கால் கூடக் கூட சூட்டைக் கடத்தற திறன் குறையும்.

பெரியாறு_வண்டி:
முடிச்சாச்சு! ஞாயித்துக்கிழமை மச்சானும் நானும் பீருமேடு போற ரோட்டுல ஒரு சரிவா பார்த்து வண்டியை ஏத்தி, சக்கரத்துக்கு கட்டை வச்சு ஆரம்பிச்சோம். முதல்ல வந்தது பழுப்பு, அப்புறம் சேறு மாதிரி கொஞ்சம். பின் பேனலை தனியா கழட்டி தோட்டத்து ஹோஸை வச்சு தலைகீழா தண்ணி விட்டதும் கட்டி கட்டியா ஒரு கசடு வந்து விழுந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஓட்டம் கிடைச்சது. புத்தகத்துல ஆர்கானிக் ஆசிட் வகைன்னு போட்டிருந்துச்சு, லேபிளைப் பார்த்தா கடையில இருந்த சிவப்புதான் அந்த வகை, அதையே வாங்கி கோவை அண்ணன் சொன்ன கணக்குல ஊத்துனோம். காத்து எடுக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு, ஒஸ்லோ அண்ணன் சொன்ன மாதிரி பம்பை நிறுத்தி நிறுத்தி செஞ்சோம், பாதி நாள் அதுக்கே போச்சு. இப்ப கட்டிலுக்கு கீழ கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. பழசு ரெண்டு கேன்ல மூடி இருக்கு, அடுத்த தடவை கோட்டயம் போகும்போது கொடுக்கணும்.

ஒரே ஒரு சந்தேகம், ராத்திரி ஓட்டிட்டு காலைல பார்த்தா டேங்க்ல மட்டம் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. ஒழுகுதோ?

போடி_டீசல்:
நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. மூலையில மாட்டியிருந்த காத்து வெளிய வந்தா அந்த இடத்தை கூலன்ட் பிடிச்சுக்கும், அதனால மட்டம் இறங்கறது சகஜம். வண்டி ஆறியிருக்கும்போது குறைந்தபட்ச கோட்டுக்கு கொஞ்சம் மேல வரைக்கும், அதே கலவையை ஊத்திக்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காத, சூட்டுல விரிஞ்சு மேல வர்றதைப் பார்த்து மட்டம் சரின்னும் நினைச்சுக்காத.

மறுபடியும் இறங்குனா கழட்டி மாட்டுன கிளாம்ப் ஒவ்வொண்ணுக்கும் கீழ வெள்ளைப் பேப்பர் வச்சுட்டு ஒரு ராத்திரி விடு, சிவப்பு கூலன்ட்டுங்கறதால ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிஞ்சிரும். பழைய ஹோஸ் நுனி வெடிச்சிருந்தா கிளாம்ப்பை முறுக்கிப் பிரயோஜனமில்ல, நுனியை ஒரு அங்குலம் வெட்டிட்டு மாட்டு.

பெரியாறு_வண்டி:
பேப்பர் வச்சுப் பார்த்தேன் அண்ணே. பம்ப்புக்கு பக்கத்து கிளாம்ப் கீழ மட்டும் சிவப்பு சொட்டு. நுனியை வெட்டி மாட்டிட்டேன், இப்ப மட்டம் அப்படியே நிக்குது. வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வட்டவடைக்கு புக் பண்ணியிருக்காங்க, ஹீட்டர் ஓடும்னு தைரியமா சொல்லிட்டேன்.