தஞ்சாவூருக்குக் காரா, ரயிலா? அம்மாவோடு இரண்டு நாள்

நெய்தல்நிலா
சென்னையிலிருந்து தஞ்சாவூர் போகிறோம். சனி, ஞாயிறு இரண்டே நாள். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. மகள் ஆறாம் வகுப்பு. பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம் மூன்றும் கட்டாயம். முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரம். வீட்டுக்காரர் காரை எடுத்துவிடலாம் என்கிறார், நான் ரயில் என்கிறேன். சண்டை முற்றுவதற்குள் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்சாமி
கார்தான். முழங்கால் வலிக்காரரை நடைமேடைப் படியேற்றி, ஆட்டோவுக்குப் பேரம் பேசி, பஸ் நெரிசலில் நிறுத்தி... இது சுற்றுலாவா, தண்டனையா? விக்கிரவாண்டி, கும்பகோணம் சாலை ஆண்டுக்கணக்காகக் குண்டும் குழியுமாகக் கிடந்தது, மறுக்கவில்லை. இப்போது பெரும்பகுதி நாலுவழி. இன்னொன்று, அந்த வழியாக வந்தால் கங்கைகொண்ட சோழபுரம் போகிற போக்கிலேயே வந்துவிடும், மீன்சுருட்டிக்குப் பக்கம்தான். ரயிலில் போகிறவர்கள் அதற்கென்று அரை நாள் ஒதுக்க வேண்டும்.

மெயின்லைன்
முழங்கால் வலிக்கு மருந்து, ஆறு மணி நேரம் காரில் காலை மடக்கி உட்காருவதா? உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் விடிகிற நேரம் தஞ்சாவூர். அம்மாவின் டிக்கெட்டைத் தனியாக எடுங்கள். நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்தவர்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு பொருந்தாது. இது தெரியாமல் பலர் அம்மா அப்பாவை நடுப்படுக்கையில் ஏற்றிவிட்டு ரயில்வேயைத் திட்டுகிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயில் ஆட்டோவில் ஐந்து, பத்து நிமிடம். காலை ஏழு மணிக்குள் உள்ளே நுழைந்தால் கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. காரில் வருகிறவர்கள் அந்த நேரத்தில் எங்கோ சுங்கச்சாவடியில் நிற்பார்கள்.

ஸ்டியரிங்சாமி
டிக்கெட் கிடைத்தால்தானே? வெள்ளி இரவு உழவன் காத்திருப்புப் பட்டியலில் தொங்கும்.

மெயின்லைன்
அதற்கும் வழி உண்டு. சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்பாதை விழுப்புரத்தில் இரண்டாகப் பிரிகிறது. பழைய மெயின் லைன் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் வழியாகத் திருச்சி சேரும். குறுக்குப் பாதையான கார்டு லைன் விருத்தாசலம், அரியலூர் வழியாக நேரே திருச்சி. வேகமான வண்டிகள் எல்லாம் கார்டு லைனில்தான். தஞ்சாவூருக்கு டிக்கெட் இல்லையென்றால் திருச்சிக்கு எடுங்கள். அங்கிருந்து தஞ்சாவூர் 55 கிலோமீட்டர் சுமார்தான். பஸ் ஓயாமல் ஓடும், பாசஞ்சர் ரயிலும் உண்டு. விமானத்தில் வருகிறவர்களுக்கும் திருச்சிதான் பக்கம்.

மேலவீதிக்காரன்
பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் நடுவில் நுழைகிறேன். இரண்டு பேரும் எப்படி வந்து சேருவது என்றே சண்டை போடுகிறீர்கள். வந்து சேருவது பெரிய காரியமில்லை. கடிகாரம்தான் பிரச்சினை. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். நீங்கள் விமானத்தில் வந்தாலும் தேரில் வந்தாலும் இதே கதை. காரில் ஆற அமரப் புறப்பட்டு மதியம் ஒன்றரைக்கு வந்து, மூடிய நடைக்கு வெளியே தர்பூசணி தின்னும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன்.

ரயில் தம்பிக்கும் ஒன்று. திருச்சி பஸ் இறக்கிவிடுவது புதிய பேருந்து நிலையத்தில். அது ஊருக்குத் தெற்கே, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. பெரிய கோயில், அரண்மனை எல்லாம் பழைய பேருந்து நிலையத்தின் பக்கம். இந்த வித்தியாசம் தெரியாமல் புதுசில் இறங்கி, ‘கோயில் எந்தப் பக்கம், நடந்தே போய்விடலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நடக்க வேண்டாம், இரண்டுக்கும் இடையே டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

அரைடிக்கெட்
மதியம் போனால்தான் என்ன? கோபுர நிழல் கீழே விழாத அதிசயத்தை அப்போதுதானே பார்க்க முடியும்!

மேலவீதிக்காரன்
விழும் தம்பி. அந்த நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் பரீட்சைக்குப் படித்தோம். 1010இல் கட்டி முடித்த 200 அடிக்கு மேற்பட்ட விமானம் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்), அது போதாதா அதிசயத்துக்கு? மதியம் அந்தக் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், அதிசயம் எது என்று கால் சொல்லும். சகோதரி, அம்மாவுக்குக் கெட்டியான காலுறை ஒரு ஜோடி எடுத்து வையுங்கள். விமானத்தின் உள்ளே போகப் படியேற வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

கூட்டல்கழித்தல்
நான் இரண்டு கட்சியும் இல்லை. உழவன் தஞ்சாவூருக்கு முன்னாலேயே கும்பகோணத்தில் நிற்கும். அங்கேயே இறங்கிவிடுங்கள். தாராசுரம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரம் வடக்கே 35 கிலோமீட்டர் சொச்சம். தஞ்சாவூரில் இறங்கினால் இந்த இரண்டுக்கும் 40 கிலோமீட்டர் திரும்பி வரத்தானே வேண்டும்? பலர் தஞ்சாவூரில் அறை போட்டுவிட்டு இப்படி முன்னும் பின்னும் அலைகிறார்கள். யுனெஸ்கோ 1987இல் பெரிய கோயிலை மட்டும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்கள் 2004இல் சேர்ந்தன. நம் ஆட்கள் திட்டம் போடும்போது இன்னும் 1987இலேயே நிற்கிறார்கள்.

ஸ்டியரிங்சாமி
சரி, கும்பகோணத்தில் இறங்கியாச்சு. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எதில்? அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் பஸ்ஸில் அம்மாவை நிற்க வைத்தா? ஆகக் கடைசியில் கார்தான் வந்து நிற்கிறது.

மெயின்லைன்
அந்த ஒரு இடத்துக்குக் கார் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மூன்று கோயிலையும் மதியம் நடை சாத்துமுன் பார்க்கிறேன் என்று சென்னையிலிருந்து விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, தூக்கக் கலக்கத்தோடு ஓட்ட வேண்டுமா? அங்கே ஒரு நாளைக்கு வாடகை வண்டி பேசினால் தீர்ந்தது. நான்கு பேர் போய்வர டீசல், சுங்கம் எல்லாம் கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசமும் வராது.

ஸ்டியரிங்சாமி
வாடகை ஓட்டுநர் பொருள் வாங்கச் சொல்லித் தெரிந்த கடைக்கெல்லாம் கூட்டிப் போவார். போன தடவை தலையாட்டி பொம்மைக்கும் தஞ்சாவூர்த் தட்டுக்கும் நான் கொடுத்த விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மேலவீதிக்காரன்
காந்திஜி சாலையில் அரசின் பூம்புகார் கடை இருக்கிறது, முதலில் அங்கே விலை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஊருக்குள் சொந்தக் கார் பற்றி ஒரு வார்த்தை. கீழவாசல் பக்கம் மாலை வேளையில் காரை நுழைத்தால் கோபுரம் பார்க்க வந்தவர் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் வரும். ஆட்டோதான் தோது. மீட்டர் கிடையாது, ஏறுமுன் பேசிவிடுங்கள். அரண்மனைக்குக் காலை பத்து மணிபோலப் போங்கள். கலைக்கூடத்துச் சோழர் செப்புத் திருமேனிகளுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். சரசுவதி மகால் அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான். அவசரப்பட்டால் இரண்டும் வீண்.

நெய்தல்நிலா
எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். வெள்ளி இரவு உழவன், கும்பகோணத்தில் இறக்கம். குளித்து, டிகிரி காபி குடித்துவிட்டு வாடகை வண்டியில் நேரே கங்கைகொண்ட சோழபுரம். திரும்பும்போது பதினொரு மணிக்குள் தாராசுரம். மதியம் அதே வண்டியில் தஞ்சாவூர், அம்மாவுக்கு ஓய்வு, மாலையில் பெரிய கோயில். ஞாயிறு காலை அங்கேயே இன்னொரு தடவை, அப்புறம் அரண்மனை, இரவு ரயில். வீட்டுக்காரர் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநருக்கு வழி சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

ஸ்டியரிங்சாமி
அந்த ஓட்டுநர் பாவம்.

நெய்தல்நிலா
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். திருவையாறு ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கிறார். தியாகராஜர் சமாதியும் பார்க்க வேண்டுமாம், அசோகா அல்வாவும் வேண்டுமாம்.

மேலவீதிக்காரன்
ஞாயிறு மாலை நேரம் இருக்கிறதே. பழைய பேருந்து நிலையத்திலிருந்து பஸ் அடிக்கடி, அரை மணி நேரப் பயணம். சாதாரண டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள், பெண்களுக்கு இலவசம் என்பதால் உங்கள் மூன்று பேருக்கும் காசு வேண்டாம். வீட்டுக்காரர் மட்டும் சில்லறை வைத்திருக்கட்டும்.