சிறுநீர் ஊற்றினால் ஸ்பைருலினா பாசி மஞ்சளாகிறது, ஏன்?

தோணித்துறை:
விண்கலத்தில் பாசியை வைத்துக் கழிவைத் திரும்பப் பயன்படுத்துவதற்கு ஒரு பள்ளி மாதிரி, மண்டபம் ஊரில் செய்கிறோம். 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி, மீன்தொட்டிக் காற்று பம்ப், வடிகட்டிய கடல்நீர், லிட்டருக்கு 16 கிராம் ஆப்ப சோடா. பி.எச். இப்போது 9.8. தினம் 200 மி.லி. சிறுநீர். நாலாம் நாள் பாசி மஞ்சளாகித் திரண்டுவிட்டது; அடியில் வெள்ளைப் பொடி. எங்கே தப்பு?

உப்பளக்காற்று:
மஞ்சளுக்குக் காரணம் அமோனியா. சிறுநீரின் யூரியா உடைந்து வருவது. பி.எச். 9.8-ல் அதில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்த வாயுவாகவே நிற்கும். நேரே செல்லுக்குள் நுழைந்து ஒளிச்சேர்க்கையை முடக்கிவிடும். துணியில் வடித்த நீர் நீலமாக வந்தால் செல்கள் உடைந்துவிட்டன, கொட்டிவிடுங்கள்.

அளவும் ரொம்ப அதிகம். 20 லிட்டரில் நாளுக்கு 2 கிராம் உலர்பாசி விளைந்தாலே நல்லது. அதற்குத் தேவை 0.2 கிராம் நைட்ரஜன், அதாவது 30 மி.லி. சிறுநீர். அதையும் நேரே ஊற்றாதீர்கள். விண்கலக் கழிவைத் திரும்பப் பயன்படுத்தும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் மெலிஸ்ஸா திட்டத்தில் ஸ்பைருலினாவுக்கு முன்னால், அமோனியாவை நைட்ரைட்டாக்கிப் பிறகு நைட்ரேட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் பாக்டீரியாக்களை வளர்க்கும் தனி அறையே இருக்கிறது.

அந்த அறைக்குப் பதில் உங்களுக்கு ஒரு 10 லிட்டர் வாளி, பழைய வலைத்துண்டுகள், விடாத காற்று போதும். பாக்டீரியா விதைக்கு, ஓடிக்கொண்டிருக்கும் மீன்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு. நாளுக்கு 5 மி.லி. சிறுநீரில் தொடங்குங்கள், நிலைக்க 4-6 வாரமாகும். 1 கிராம் நைட்ரஜனுக்கு 6 கிராம் ஆப்ப சோடா கட்டாயம். இல்லாவிட்டால் வாளி புளித்து, பாதி அமோனியா அப்படியே தங்கிவிடும். இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் நீர்ச்சோதனைக் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால்தான் தொட்டிக்கு.

பள்ளிக்கு நிஜச் சிறுநீர் எதற்கு? லிட்டருக்கு 15 கிராம் யூரியா கரைத்தால் அதே நைட்ரஜன்தான்.

கஞ்சிப்பாசி:
வெள்ளைப் பொடி கடல்நீரின் வேலை. லிட்டருக்குக் கால்சியம் சுமார் 400 மி.கி., மக்னீசியம் 1,300 மி.கி.; சோடாவோடு சேர்ந்து கார்பனேட்டாக இறங்கும்போது பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு போகும். மழைநீரில் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போட்டுச் செய்யுங்கள். நம்ம பக்கத்து போர் தண்ணீரும் வேண்டாம், அதுவும் பாதிக் கடல்தான். கடல்நீர்தான் வேண்டுமென்றால் முதலில் சோடா, 2 நாள் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்து, பிறகு பாஸ்பேட், இரும்பு.

தோணித்துறை:
நன்றி. ஒரு ஆள் மூச்சுவிட எத்தனை லிட்டர் பாசித்தொட்டி வேண்டும் என்று பலகையில் எழுதலாம்?

உப்பளக்காற்று:
ஆளுக்கு நாளொன்றுக்கு ஆக்ஸிஜன் சுமார் 840 கிராம். 1 கிராம் பாசி விளைந்தால் ஏறக்குறைய 1.5 கிராம் கிடைக்கும். ஆக 560 கிராம் பாசி. உங்கள் விளைச்சலில் 5,600 லிட்டர். சிக்கல் அங்கேதான்: அவ்வளவு பாசிக்கு 56 கிராம் நைட்ரஜன் வேண்டும், ஒருவரின் சிறுநீரில் வருவது 12 கிராம் அளவுக்கு. அவ்வளவையும் தின்னவும் முடியாது, யூரிக் அமிலம் ஏறிவிடும். தின்னாத பாசியை மட்கவைத்துத் திரும்ப ஊட்டினால்தான் வட்டம் மூடும். பலகையில் அந்த அம்புக்குறியை விட்டுவிடாதீர்கள்.