லிஃப்டர் போய்விட்டது, ஒரு பக்கம் மட்டும் மாற்றுகிறோம் என்கிறார்கள். கேம் ஷாஃப்டையும் கேட்கலாமா?

வெள்ளைப்பிக்கப் எழுதியது:

வணக்கம். மூன்று வருடம் ஆன பிக்கப், புஷ்ராட் வைத்த வி-8 எஞ்சின் (பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர்; கேம் ஷாஃப்ட் சுற்றும்போது லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், கம்பி ராக்கர் வழியாக வால்வைத் திறக்கும்), 38,400 மைல் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரும் டீலர் பெயரும் இங்கே வேண்டாம். வேலை ஒழுங்காக நடந்தால் போதும்.

இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் மெதுவாக ஓடுகிற மாதிரி ஒரு டிக் டிக் சத்தம். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். கொண்டுபோய்க் காட்டினேன். "இந்த எஞ்சினுக்கு இது இயல்பு" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் டிரெய்லரோடு மேடு ஏறும்போது வண்டி குலுங்க ஆரம்பித்தது. செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னியது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். இழுவை வண்டியில்தான் டீலரிடம் போனது. கோட் பி0307, அதாவது ஏழாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை.

வால்வு கவரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். எஞ்சினைச் சுற்றினால் ஏழாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) ராக்கர் அசையவே இல்லையாம். லிஃப்டர் சிக்கிவிட்டது என்கிறார்கள். ஆனால் வளைந்திருப்பது இன்டேக் (காற்று உள்ளே வரும் வால்வு) புஷ்ராட். இது எனக்குப் புரியவே இல்லை.

அந்தப் பக்கத்து லிஃப்டர்கள், புஷ்ராட், ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடு) ஆகியவற்றுக்கு வாரன்டியில் ஒப்புதல் வந்திருக்கிறது. கேம் ஷாஃப்டுக்கு இல்லை. "பார்த்த வரைக்கும் நன்றாக இருக்கிறது" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். வாரன்டி 5 வருடம் அல்லது 60,000 மைல். அது முடிந்த பிறகு மறுபக்கம் போனால் நான்தான் பணம் கட்ட வேண்டும். முழு வேலையாகச் செய்யச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பது நியாயமா? ஆயில் நானே மாற்றுகிறேன், அதைக் காரணம் காட்டுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதினாலு நம்பர் ஸ்பேனர் எழுதியது:

லைட் மின்னியதும் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய காரியம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிய ஆரம்பித்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

இன்டேக் புஷ்ராட் ஏன் வளைந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலை மிச்சப்படுத்த, சுமை இல்லாதபோது சில சிலிண்டர்களைத் தூங்க வைக்கிற ஏற்பாடு இந்த எஞ்சின்களில் இருக்கிறது. ஜிஎம்மின் பழைய 5.3 லிட்டரிலும் ராமின் 5.7 லிட்டர் ஹெமியிலும் தூங்குவது 1, 4, 6, 7 ஆகிய நான்கு. ஜிஎம்மின் 2019 சில்வராடோ பிக்கப்போடு வந்த புதிய முறையில் எட்டையுமே மாற்றி மாற்றித் தூங்க வைக்கலாம். இதற்கென்று உள்ள லிஃப்டருக்குள் சின்னப் பூட்டு ஊசி ஒன்று இருக்கும். சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வு) ஆயில் பிரஷரைத் திறந்துவிட்டால் ஊசி உள்ளே போகும், லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கும், கேம் தூக்கினாலும் வால்வு திறக்காது. பிரஷர் நின்றதும் ஊசி திரும்பிப் பூட்ட வேண்டும்.

உங்கள் எக்ஸாஸ்ட் லிஃப்டரில் அது பூட்டவில்லை. ஆனால் இன்டேக் பக்கம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்தன, எரிந்தன, புகை வெளியே போக வழியில்லை. பிஸ்டன் மேலே வந்து அந்தப் புகையையே திரும்ப அழுத்தியது. அந்த அழுத்தத்துக்கு எதிராக இன்டேக் வால்வு திறக்கப் பார்த்தால் எது பலவீனமோ அது வளையும். புஷ்ராட் வளைந்தது.

இனி கேம் ஷாஃப்ட். லிஃப்டர் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, இப்படி ஊசி சிக்குவது. இதில் கேம் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம், டீலர் சொல்வதைப் பொய் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். இன்னொன்று, லிஃப்டர் அடியில் உருளும் ரோலரின் பேரிங் தேய்வது. அப்போது ரோலர் உருளாமல் கேம் லோபின் (லிஃப்டரைத் தூக்கும் கேம் மேடு) மேல் இழுபடும், லோப் அரிந்துபோகும். அரிந்த லோபின் மேல் புது லிஃப்டரை வைத்தால் அதுவும் சீக்கிரம் போகும். உங்கள் காலை நேரத்து டிக் டிக் இந்த இரண்டில் எதனாலும் வந்திருக்கலாம்.

அதனால் "மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள், "காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஹெட்டைக் கழற்றியதும் அந்தப் பக்கத்து எட்டு லிஃப்டர்களையும் வரிசை மாறாமல் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரோலரையும் விரலால் சுற்றிப் பார்த்தால் தெரியும்: நல்லது வெண்ணெய் மாதிரி சுற்றும், கெட்டது மணல் அரைக்கிற மாதிரி நெருடும். பிறகு லிஃப்டர் இருந்த துளை வழியாக விளக்கடித்து லோபைப் பார்க்க வேண்டும், போரோஸ்கோப் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) இருந்தால் இன்னும் நல்லது. பளபளப்பு சீராக இருக்க வேண்டும். குழியோ கோடோ இருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது. கடைசியாக ஆயில் ஃபில்டரை வெட்டி, காகிதத்தை விரித்து, மடிப்புகளில் மினுமினுப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆயில் பம்ப் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. ஃபில்டரில் உலோகத் தூள் இருந்தால் அது பம்ப் வழியாகத்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவை எல்லாவற்றுக்கும் படம் கேளுங்கள். ஒரு லோபில் குழி தெரிந்தாலும் அதே படத்தை வைத்து அவர்களே கம்பெனியிடம் மறு ஒப்புதல் வாங்க முடியும். டெக்னீஷியனோடு சண்டை வேண்டாம். பெரும்பாலும் அவரும் முழு வேலை செய்யத்தான் ஆசைப்படுவார், ஒப்புதல் தருவது வேறு ஆள். ஹெட் போல்ட் புதிதாகப் போடுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இழுபட்டு இறுகும் வகை போல்ட் என்றால் அதைத் திரும்பப் போடக் கூடாது.

நெடுஞ்சாலை எழுதியது:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 44,000 மைலில் ஒரு பக்கம் போனது, அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 71,000 மைலில் மறுபக்கம் போனது. வாரன்டி முடிந்திருந்தது. முதல் வேலையின்போது எந்தப் படமும் எடுக்கவில்லை, எதையும் எழுதி வைக்கவில்லை. பழைய கோளாறின் தொடர்ச்சிதான் இது என்று நிரூபிக்க என் கையில் ஒன்றுமே இல்லை. ஐந்து வாரம் வண்டியில்லாமல் இருந்தேன், முழுச் செலவும் என் தலையில். ஸ்பேனர் அண்ணன் சொல்கிற மாதிரி படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காகிதப்புலி எழுதியது:

ஆயில் விஷயத்தில் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னஸன்-மாஸ் வாரன்டி சட்டப்படி, நீங்களே ஆயில் மாற்றினீர்கள் என்பதை மட்டும் காரணமாக வைத்து வாரன்டியை மறுக்க முடியாது. கோளாறு அதனால்தான் வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் நீங்கள் மாற்றியதற்கு ஆதாரம் வேண்டும்: ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய பில், தேதி, அன்றைய மைல். மேனுவலில் சொன்ன தரத்து ஆயிலா என்பது பில்லிலேயே தெரிந்தால் நல்லது.

இதைவிட முக்கியம், "இது இயல்பு" என்று எழுதிக் கொடுத்த அந்தத் தாள். அது உங்களைத் திருப்பி அனுப்பிய தாள் என்று நினைக்கிறீர்கள். வாரன்டி காலத்திலேயே இந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்தீர்கள் என்பதற்கு அவர்கள் கைப்படவே தந்த சாட்சி அது! பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் இன்றே நகல் கேளுங்கள்.

வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண்) போட்டு, ரீகால் (கோளாறைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2024-இல் ஃபோர்டு 2.7, 3.0 லிட்டர் டர்போ எஞ்சின்களில் இன்டேக் வால்வு உடைகிறது என்று 90,736 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஃப்-150 பிக்கப்பும் அதில் உண்டு. உங்கள் கோளாறு வேறு ரகம்தான், ஆனாலும் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வெள்ளைப்பிக்கப் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய தாள் கிளவ் பாக்ஸில் இருந்தது. பில்களை மைல் வரிசைப்படி அடுக்கி ஒரே ஃபைலாக அனுப்பிவிட்டேன், ஆயில் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நாளை ஹெட்டைக் கழற்றுகிறார்கள். தட்டு, ரோலர், லோப், ஃபில்டர் நான்கையும் படம் எடுத்துத் தரும்படி ஈமெயிலில் கேட்டிருக்கிறேன். அட்வைசர் சரி என்று பதில் போட்டுவிட்டார்.

வெள்ளைப்பிக்கப் எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

படங்கள் வந்தன. ஏழாவது சிலிண்டரின் ரோலர்களும் லோப்களும் சுத்தம், அங்கே ஊசிதான் சிக்கியிருக்கிறது. ஆனால் ஐந்தாவது சிலிண்டரின் இன்டேக் ரோலர் நெருடுகிறதாம். அதன் லோபில் மிளகு தூவிய மாதிரி புள்ளிப் புள்ளியாகக் குழிகள். யாரும் சந்தேகப்படாத சிலிண்டர் அது! ஃபில்டர் மடிப்பிலும் மெலிதாக மினுமினுப்பு இருந்தது.

டெக்னீஷியனே போன் செய்து விளக்கினார். அந்தப் படங்களை அனுப்பியதும் இரண்டு நாளில் ஒப்புதல் மாறி வந்தது: கேம் ஷாஃப்ட், பதினாறு லிஃப்டர்கள், இரண்டு பக்க கேஸ்கட், புது ஹெட் போல்ட், ஆயில் பம்ப். ஐந்தாவது சிலிண்டரில் என்ன பார்த்தார்கள் என்பதை ரிப்பேர் ஆர்டரிலேயே எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்கள். சாமான் வர மூன்று வாரம் ஆகுமாம். வண்டி கைக்கு வந்ததும் 500 மைலில் ஆயில் மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பார்த்துப் படத்தை இங்கே போடுகிறேன்.