சிரட்டைக் கரி போட்ட பாத்தியில் மிளகாய் மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

பாலிக்பூலாவ்_பாத்தி:
பினாங்கு. பாத்தி 20 × 10 அடி, செம்மண், பி.எச். (புளிப்பு-கார அளவு) 5க்குக் கீழே இருந்தது. சிரட்டைக் கரியை அப்படியே நொறுக்கி 10 லிட்டர் மண்ணுக்கு 2 லிட்டர் கலந்தாயிற்று. 3 வாரத்தில் மிளகாய் இலை மஞ்சள். கார்பன் மண்ணில் தங்க வேண்டும், செடியும் பிழைக்க வேண்டும்.

எருக்குழி:
அளவு அதிகம் ஐயா. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு போதும். அதைவிடப் பெரிய தவறு, கரியைப் பசியோடு போட்டது. புதுக் கரி மண்ணிலுள்ள அம்மோனியத்தை, அதாவது செடிக்கு வேண்டிய நைட்ரஜனை, பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கரியும் மக்கிய எருவும் சமபங்காகக் கலந்து, பிழிந்த துணியளவு ஈரத்தில், மழை படாமல் 2 முதல் 4 வாரம் மூடி வையுங்கள். சதுர மீட்டருக்கு 1 முதல் 2 கிலோ கரி, மேல் 15 செ.மீ. மண்ணில்.

முதலில் பாருங்கள்: மஞ்சள் பழைய இலையிலா, புது இலையிலா? பழைய இலை என்றால் நைட்ரஜன் குறை. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச் சத்துக் குறை.

சிரட்டை_தோங்:
கரியையும் சோதியுங்கள். கையில் தேய்த்தால் கறை வெறும் தண்ணீரில் போய்விட வேண்டும். பிசுபிசுத்து, தார் நாற்றம் வந்தால் அரைவேக்காடு. சிரட்டை காயாமல் போட்டால் அப்படித்தான் ஆகும். அந்தப் புகையில் மீத்தேனும் போகும், சேமித்த கார்பனின் பலன் குறையும். நன்றாக வெந்த கரியில் முக்கால் பங்கு கார்பன் என்று வைத்தால், ஒரு கிலோ கரி 0.75 × 44/12 (கரியமில வாயு, கார்பன் எடை விகிதம்), அதாவது சுமார் 2.75 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நர்சரியில் விற்கும் செக்காம் பாக்காரில் (சுட்ட நெல் உமி) சிலிக்கா சாம்பல் மிகுதி, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

நனைத்துவிட்டு நொறுக்குங்கள், தூள் நுரையீரலுக்குக் கெடுதல். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அதையும் மனதில் வையுங்கள்.

பாலிக்பூலாவ்_பாத்தி:
புது இலைதான், நரம்பு பச்சை. கரிக்கு முன்பே டோலமைட் சுண்ணாம்பும் போட்டிருந்தது.

எருக்குழி:
அப்படியானால் சுண்ணாம்பும் கரியும் சேர்ந்து பி.எச்.சை ஏற்றியிருக்கும், கரியே காரத்தன்மை உள்ளது. பி.எச். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு எட்டாது. இப்போதே அளந்து பாருங்கள். 7ஐத் தாண்டியிருந்தால் சுண்ணாம்பை நிறுத்தி, சுண்ணாம்பு படாத மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து கரியின் பங்கைக் குறையுங்கள். உடனடிக்கு லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், மாலையில் இலையில் தெளிக்கலாம். ஒரு செடியில் முதலில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு. வெளுத்த பழைய இலை திரும்பாது, அடுத்து வரும் குருத்தைப் பாருங்கள்.